முகம் யாருடையது?

சினிமா பார்க்கிற பிள்ளையை அடித்துத் திருத்திய காலம் மலையேறிவிட்டது. சினிமாவைப் படிக்கிற பிள்ளைக்கு நகையை அடகு வைத்துச் சம்பளம் கட்டுகிற காலம் இது. இதைக் கண்டு தலையில் அடித்துக் கொள்கிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து கொள்ள எனக்கு மனமில்லை. வேப்பேரியில் மாட்டு வைத்தியத்துக்கு 1903 முதல் ஒரு கல்லூரி இருக்கிறது. சங்கீதத்துக்கு இருக்கிறது, சிற்பத்துக்கு இருக்கிறது. ஊரே சோற்றை மறந்து பார்த்துக் கொண்டிருக்கிற ஒரு கலைக்கு மட்டும் கல்லூரி வேண்டாம் என்பது என்ன நியாயம்?

சினிமாவைக் கற்றுத்தான் எடுக்க வேண்டுமா என்று கேட்டால், கற்காமல் எடுத்தவர் யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். தென்னாட்டில் முதல் கதைப் படம் எடுத்த நடராஜ முதலியார் மோட்டார் வியாபாரத்தில் இருந்தவர். பூனாவுக்குப் போய், அங்கே படம் பிடித்துக் கொண்டிருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் காமிராவைச் சுற்றக் கற்றுக் கொண்டு வந்த பிறகுதான் 'கீசக வத'த்தில் கை வைத்தார். குரு இல்லாமல் வித்தை இல்லை. அந்தக் குரு பூனாவில் இருந்தாரா, கோடம்பாக்கத்து ஸ்டூடியோவில் இருந்தாரா, பல்கலைக்கழகத்தில் இருக்கிறாரா என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது.

ஆகவே, படிக்கலாமா என்பதல்ல என் கேள்வி. படித்துவிட்டுக் காமிராவும் கையுமாகத் தெருவில் இறங்குகிறவனுக்கு எதிரே ஒரு முகம் இருக்கிறதே, அந்த முகம் யாருடையது? உடையவருடையது, வேறு யாருடையது என்பீர்கள். அவ்வளவு சுலபமாக முடிகிற விஷயமாக இது எனக்குப் படவில்லை. இதை நான் ஏதோ புத்தகத்திலிருந்து பொறுக்கிக் கொண்டு வரவில்லை. வியாசர்பாடியில் ஒரு கிழவி எழுப்பிய கேள்வி இது.

வியாசர்பாடியை ரயிலில் கடந்து போனவர்கள் நிறையப் பேர். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. பேசின் பிரிட்ஜைத் தாண்டியதும் வருகிறது அந்த ஸ்டேஷன். 'வியாசர்பாடி ஜீவா' என்று பெயர். 1952-இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டசபைக்குப் போன பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தத்தின் பெயர் அது. ஒரு பக்கம் காப்டன் காட்டன் கால்வாய், இன்னொரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். பக்கத்துப் பெரம்பூரில் பின்னி ஆலை சங்கு ஊதிய காலத்தில் அந்தச் சங்குக்கு எழுந்து அந்தச் சங்குக்குப் படுத்த குடும்பங்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்த குடும்பங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து பெட்டியும் படுக்கையுமாகத் திரும்பி வந்த குடும்பங்கள். கால்பந்தும் கானாவும் அங்கே பிள்ளைகளுக்குப் பேச்சு வருமுன்பே வந்து விடுகின்றன. மழை பெய்தால் பத்திரிகைக்காரர்கள் முதலில் படம் பிடிக்க ஓடுகிற இடம் கணேசபுரம் சுரங்கப்பாதை. தண்ணீர் தேங்கிய சென்னைக்கு அதுவே நிரந்தர முகவரி என்றாகிவிட்டது.

அங்கே ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். தகப்பன் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். நகரத்தின் தென்கோடியில் உள்ள ஒரு கல்லூரியில் பையன் திரைப்படமும் டிஜிட்டல் ஊடகத் தயாரிப்பும் படிக்கிறான். மகளிர் குழுக் கடனில் அவன் முதல் வருஷச் சம்பளம் கட்டப்பட்டது. 2023 டிசம்பர் 3-ஆம் தேதி இரவும் மறுநாளும் மிக்ஜாம் புயல் சென்னையைக் குளிப்பாட்டியதே, அப்போது இரண்டாவது மாடிப் படிக்கட்டில் நின்று அவன் தன் செல்போனில் ஒரு படம் பிடித்தான். கீழ் வீட்டில் தனியாக இருக்கும் ஆயா, காலையில் கூழ் விற்கிறவள், தொடையளவு தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக் கொண்டு, மிதந்து போகும் தன் டிரங்குப் பெட்டியைப் பிடிக்கப் போராடுகிறாள். இரண்டு தடவை கை நழுவுகிறது. மூன்றாம் தடவை பிடித்து, வாசற்படியில் வைத்துத் திறக்கிறாள். உள்ளே ரேஷன் கார்டு, இரண்டு புடவை, ஏதோ காகிதங்கள். எல்லாம் கூழாய்க் கிடக்கின்றன. பெட்டியைக் கட்டிக் கொண்டு அழுகிறாள். ஏழு நிமிஷம். வெட்டு ஒட்டு எதுவும் இல்லாத ஒரே ஓட்டம்.

கல்லூரியில் ஆசிரியர்கள் வாய் பிளந்து போனார்கள். மாணவர் படவிழா ஒன்றில் கேடயம் கொடுத்தார்கள். எப்படியோ அந்தப் படம் ஒரு நாள் அந்தத் தெருவுக்கே வந்து சேர்ந்துவிட்டது. ஆயாவின் கையில் யாரோ ஒரு சிறுவன் செல்போனைக் கொடுத்துக் காட்டினான். முழுவதும் பார்த்தாள். பையனைக் கூப்பிட்டனுப்பினாள்.

"நீ மேல நின்னுக்கினு இருந்தியா நைனா?"

"ஆமா ஆயா."

"எம்மா நேரம்?"

"ஏழு நிமிசம்."

"எறங்கி வந்து பொட்டியப் புடிச்சிருக்கலாமேடா."

அவன் என்னிடம் வந்தபோது அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். "நான் செய்தது தப்பா சார்?" என்று நேராகக் கேட்டான். படம் முடிந்ததும் தான் இறங்கிப் போய்ப் பெட்டியைத் தூக்கி மேலே வைத்ததையும், ஆயாவை இரண்டு நாள் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்டதையும் சொன்னான். சொல்லிவிட்டு, "அது அந்த ஏழு நிமிசத்துக்குக் கணக்கில் வராது, இல்லையா?" என்றும் அவனே கேட்டுக் கொண்டான். முறைப்படி ஒப்புதல் படிவத்தில் கைநாட்டும் வாங்கியிருக்கிறான். அப்படி வாங்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வாரம் முழுவதும் வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் பற்றிய பேச்சுத்தான் தெருவெல்லாம். கையில் தாளோடு வந்தவன் எவனாக இருந்தாலும் ஆயாவுக்கு அது நிவாரணத் தாள். 'காலேஜுக்கு' என்று அவன் சொன்னது அவள் காதில் விழவே இல்லை. அவன் ஏமாற்றவில்லை, அவளும் ஏமாளி அல்ல. ஆனால் படிவம் மட்டும் பொய் சொல்கிறது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். காமிரா பிறந்த நாளிலிருந்தே அதற்குப் பின்னால் நிற்பவனும் முன்னால் நிற்பவனும் சமமாக இருந்ததில்லை. 1895-இல் பிரான்சு தேசத்து லியோன் நகரில் லூமியேர் சகோதரர்கள் எடுத்த படம் எது? ஆலை வாசலிலிருந்து தொழிலாளிகள் வெளியேறுகிற காட்சி. ஆலை யாருடையது? லூமியேர் குடும்பத்துடையது. முதலாளி காமிராவைப் பிடிக்கிறான். கூலிக்காரர்கள் நடந்து வருகிறார்கள். அதே காட்சி மூன்று விதமாக எடுக்கப்பட்டு இன்றும் இருக்கிறது. அதாவது, வீட்டுக்குப் போகிறவர்களை இன்னொரு முறை வீட்டுக்குப் போகச் சொல்லி எடுத்திருக்கிறார்கள்! உலக சினிமாவின் முதல் நடிகர்களிடம் யாராவது விருப்பம் கேட்டிருப்பார்களா? மறுத்தால் மறுநாள் அந்த வாசலுக்குள் போக முடியுமா?

பெரம்பூரில் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. 1921-இல் மாதக் கணக்கில் வேலைநிறுத்தம் நடத்திப் புளியந்தோப்பையே ரணகளமாக்கிய வரலாறு அந்த வாசலுக்கு உண்டு. மூடிய பிறகு அந்த மைதானமும் கொட்டகைகளும் எதற்குப் பயன்பட்டன தெரியுமா? சினிமாப் படப்பிடிப்புக்கு. கதாநாயகன் வில்லனைப் புரட்டியெடுக்கும் சண்டைக் காட்சிகள் எத்தனையோ அங்கே எடுக்கப்பட்டன. தறி ஓடிய இடத்தில் காமிரா ஓடிற்று. தறி ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் மதிலுக்கு வெளியே நின்று நட்சத்திரங்களின் காரை எட்டிப் பார்த்தார்கள். இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. இடம் காலியாக இருந்தது, வாடகைக்கு விட்டார்கள். ஆனால் வடசென்னைக்கும் சினிமாவுக்கும் இருந்து வந்த உறவை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

இந்த உறவு மாற வேண்டுமென்றால் உள்ளேயிருந்து ஒருவன் போய்க் கற்றுக் கொண்டு வரத்தான் வேண்டும். அதனால்தான் அந்தப் பையன் படிப்பதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். தரமணியில் இன்று எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கி நிற்கும் அரசுத் திரைப்படக் கல்லூரியின் தொடக்கம் 1940-களின் நடுவில் இருக்கிறது. கருவியை இயக்கத் தெரிந்த ஆட்களைத் தயார் செய்ய ஒரு பாலிடெக்னிக்கின் பகுதியாக எழுந்தது அது. அங்கே படித்து வந்த ருத்ரய்யா 1978-இல் 'அவள் அப்படித்தான்' எடுத்தார். அதே கல்லூரியின் பிள்ளைகள் சேர்ந்து 1986-இல் 'ஊமை விழிகள்' எடுத்தார்கள். கல்லூரியில் படித்தவனுக்கு மார்க்கெட் தெரியாது என்று பேசிய வாய்களெல்லாம் அன்றோடு அடைத்துப் போயின.

ஆனால் கல்லூரி எதைக் கற்றுத் தரும், எதைக் கற்றுத் தராது என்பதை எல்லிஸ் ஆர். டங்கனை நினைத்தால் புரிந்து கொள்ளலாம். அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமாவைப் பாடமாகப் படித்தவர். கூடப் படித்த டாண்டனின் அழைப்பில் 1935-இல் இந்தியா வந்தார். 1936-இல் 'சதி லீலாவதி', 1945-இல் 'மீரா', 1950-இல் 'மந்திரி குமாரி'. பதினைந்து வருஷம் தமிழ்ப் படம் எடுத்த அந்த மனிதருக்குத் தமிழ் பேச வராது! துபாஷி வைத்துக் கொண்டு வேலை நடந்தது. அவர் எடுத்த படங்கள் நன்றாக இருந்தன, மறுப்பார் யாருமில்லை. வெளிச்சத்தை எங்கே வைப்பது, முகத்தை எவ்வளவு நெருங்கிக் காட்டுவது, ஒரு காட்சியை எந்த இடத்தில் வெட்டுவது - இவற்றுக்கெல்லாம் பாஷை வேண்டாம். கையில் கத்தி பிடிக்கத் தெரிந்த டாக்டருக்கு நோயாளியின் பாஷை தெரிந்திருக்க வேண்டியதில்லையே, அதைப் போல. தொழிலைப் பிரித்தெடுத்துக் கற்பிக்க முடியும் என்பதற்கு டங்கனே சாட்சி. எதிரே நிற்பவரோடு உள்ள உறவைத் துபாஷி வைத்து நடத்த முடியாது என்பதற்கு என் சாட்சி அந்தக் கூழ்க்கார ஆயா.

டிஜிட்டல் வந்து இந்த விஷயத்தை இன்னும் கடினமாக்கி வைத்திருக்கிறது. பிலிம் காலத்தில் ஆயிரம் அடிச் சுருள் ஒன்று சுமார் 11 நிமிஷம் ஓடும். விநாடிக்கு இருபத்து நாலு சட்டம். ஒவ்வொரு சட்டத்துக்கும் காசு. பொத்தானை அமுக்குமுன் தயாரிப்பாளரின் முகம் கண் முன்னால் வந்து நிற்கும். 'இதை எடுக்க வேண்டுமா?' என்ற கேள்வியைச் சிக்கனம் கேட்டுக் கொண்டிருந்தது. தர்மம் கேட்க வேண்டிய கேள்வியைச் செலவு கேட்டது என்றுகூடச் சொல்லலாம். இப்போது அந்தச் செலவு இல்லை. ஏழைப் பையனும் படம் எடுக்க முடிகிறது என்பது இதனால் வந்த பெரிய லாபம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்டுக் கொண்டிருந்த அந்தக் கணக்குப்பிள்ளை போய்விட்டான். அவன் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. அதில் வேறு யாரையாவது உட்கார்த்தி வைத்தாக வேண்டும்.

"நீங்கள் நாவல் எழுதுகிறீர்களே, நீங்கள் மட்டும் ஊரார் துக்கத்தை எடுத்துக் கொள்ளவில்லையா?" என்று அந்தப் பையன் கேட்கத்தான் செய்தான். நல்ல கேள்வி. எடுத்துக் கொள்கிறோம். ஆனால் எழுத்தில் வள்ளியம்மையை நாகம்மையாக்கலாம்; வியாசர்பாடியைத் திண்டிவனமாக்கலாம்; கூழ்க்காரியை இட்லிக்காரியாக்கலாம். மூன்று பெண்களின் துக்கத்தை உருக்கி ஒரு பெண்ணாக வார்க்கலாம். கதையைப் படித்து 'இது நான்தான்' என்று ஒருத்தி நினைத்தால், அவளைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. காமிராவுக்கு இந்தச் சலுகை இல்லை. முகம் முகம்தான். அந்தச் சுருக்கம், அந்தத் தோடு, தூக்கிச் செருகிய அந்தப் புடவை. ஆயாவின் பெட்டி மட்டுமா அன்று நனைந்தது? அறுபது வருஷம் தெருவில் கூழ் விற்றுக் கௌரவமாக நடந்த ஒருத்தி, முழங்காலுக்கு மேல் துணியைத் தூக்கிக் கொண்டு நின்றதை, அவளிடம் கூழ் வாங்குகிற பிள்ளைகளெல்லாம் பார்த்தார்கள். நாவலாசிரியன் எவ்வளவு பெரிய திருடனாக இருந்தாலும் இதை அவனால் திருட முடியாது.

சரி, அப்படியானால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், கேளாமல் எதையுமே எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டு விடலாமா? போட்டால் உலகத்தில் உண்மை என்று ஒன்று வெளியே வராது. எந்த அதிகாரி தன் அலட்சியத்தைப் படம் பிடிக்கச் சம்மதிப்பான்? எந்த முதலாளி தன் கழிவுநீர்க் குழாயைக் காட்டுவான்? அதே 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது, மீனவர்கள் தங்கள் செல்போனில் பிடித்த படங்கள் ஊரெல்லாம் சுற்றின. யாரிடம் அனுமதி கேட்டுவிட்டு எடுப்பது? எண்ணெயிடமா? 2017-இல் திவ்யபாரதி 'கக்கூஸ்' என்ற ஆவணப்படம் எடுத்தார். மலக்குழியில் மனிதர்கள் இறங்குகிறார்கள், சாகிறார்கள் என்பதை முகத்தில் அறைந்தாற்போல் காட்டிற்று அது. அவர் திரைப்படக் கல்லூரியில் படித்தவர் அல்ல. திரையிடத் தடைகள் வந்தன, வழக்குகள் வந்தன. அந்தப் படம் யாருக்கு அசௌகரியம் தந்தது என்று பாருங்கள். அசௌகரியப்பட வேண்டியவர்களுக்குத் தந்தது.

எனவே ஒரே தராசில் எல்லோரையும் நிறுத்துவதை நான் ஒப்புக் கொள்ள மாட்டேன். வலியவன் மறைப்பது குற்றம். எளியவள் மறைப்பது மானம். இரண்டையும் 'அந்தரங்கம்' என்ற ஒரே சொல்லால் அழைப்பதில்தான் கோளாறு. குற்றத்தைத் திறந்து காட்டக் கேட்க வேண்டியதில்லை. மானத்தைத் தொடுமுன் கேட்டாக வேண்டும். அதுவும் தாளை நீட்டிக் கைநாட்டு வாங்குவதல்ல கேட்பது. எடுத்ததைப் போட்டுக் காட்டி, 'இதை நாலு பேர் பார்க்கலாமா?' என்று கேட்பது. 'கூடாது' என்றால் அழிக்கிற மனத்தோடு கேட்பது. அழிக்கத் தயாராக இல்லாதவன் கேட்பது கேள்வியே அல்ல, மரியாதைக்குச் செய்கிற சடங்கு.

'வெளியாள்தான் கொள்ளையடிப்பான், நான் அந்தத் தெருவிலேயே பிறந்தவன், எனக்கு உரிமை இருக்கிறது' என்று ஒரு வாதம் உண்டு. இன்று இது பலமாகக் கேட்கிறது. அதற்கு நியாயமும் இருக்கிறது. வடசென்னை என்றாலே அரிவாளும் கஞ்சாவும் போலீஸ் துப்பாக்கியும் என்று வருஷக் கணக்காக எடுத்துத் தள்ளினார்கள். பா. ரஞ்சித் 2014-இல் 'மெட்ராஸ்' எடுத்தபோது அந்த வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் கணவன் மனைவி கொஞ்சிக் கொள்வதையும், பிள்ளைகள் பந்து விளையாடுவதையும், ஒரு சுவர் யாருக்குச் சொந்தம் என்பதில் எவ்வளவு அரசியல் இருக்கிறது என்பதையும் ஊர் பார்த்தது. அவர் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர். தெரிந்தவன் எடுத்தால் தெரியும் என்பதற்கு அந்தப் படம் உதாரணம். இதையெல்லாம் ஒப்புக் கொண்டுதான் சொல்கிறேன்: ஒரு தெருவில் பிறந்ததால் அந்தத் தெருவைப் பற்றிப் பேச உரிமை வருகிறது. பக்கத்து வீட்டுக் கிழவியின் முகத்தின் மேல் உரிமை வருவதில்லை. சொல்லப் போனால் வெளியாளைவிட உள்ளாளுக்குக் கடன் அதிகம். வெளியாளைக் கண்டால் ஆயா முந்தானையை இழுத்து விட்டுக் கொண்டிருப்பாள். மாடிப்படியில் நின்றது நம்ம வீட்டுப் பிள்ளை என்பதால்தானே அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை?

பம்பாயில் குடிசைகள் இடிக்கப்படுவதைப் பற்றி ஆனந்த் பட்வர்த்தன் எடுத்த ஆவணப்படம் 1985-இல் வந்தது. 'பம்பாய் நமது நகரம்' என்று தமிழில் சொல்லலாம். அதில் ஒரு பெண், காமிராவைப் பார்த்தே திட்டுகிறாள். ஏழைகளைப் படம் பிடித்துக் கொண்டு போய் நீ பெயர் வாங்குவாய், எங்களுக்கு என்ன ஆகப் போகிறது என்கிற பொருளில் வெளுத்து வாங்குகிறாள். பட்வர்த்தன் அதை வெட்டி எறிந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் வெட்டவில்லை. படத்திலேயே வைத்தார். நாற்பது வருஷமாக அந்தப் பெண் திட்டிக் கொண்டிருக்கிறாள், அவரும் நின்று கேட்டுக் கொண்டிருக்கிறார். இதை நான் அந்தப் பையனிடம் சொன்னேன். வேறு உபதேசம் எதுவும் செய்யவில்லை.

அவன் படத்தை எடுத்துக் கொண்டு ஆயாவிடம் போனான். கேடயத்தையும் கொண்டு போனானாம். அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவளோடு உட்கார்ந்து முதலிலிருந்து போட்டுக் காட்டினான். அவள் சொன்ன தீர்ப்பை அவன் எனக்கு அப்படியே ஒப்பித்தான்: "அழுவறத வெச்சுக்கோ. அது நெசந்தான். காலத் தூக்கினு நிக்கறத எடுத்துரு. அப்பால, நீ எங்க நின்னுக்கினு இருந்தேன்னும் அதுல சொல்லு."

ஒரே ஓட்டமாக எடுத்த படத்தில் கத்தி வைத்தால் அதன் அழகு போய்விடும் என்று அவனுடைய ஆசிரியர் வருத்தப்பட்டார். போகட்டும் என்று அவன் வைத்தான். நடுவில் இப்போது இரண்டு இடத்தில் திரை கறுப்பாகிறது. கறுப்பில் அவன் குரல், தான் எத்தனை படி மேலே நின்றான் என்பதைச் சொல்கிறது. பதினெட்டுப் படி. எனக்கென்னவோ அந்தக் கறுப்பைப் பார்க்கிறபோதுதான் தண்ணீரின் ஆழம் தெரிந்தது. ஆனால் இது என் ரசனை. அந்த ஆசிரியர் சொன்னதிலும் உண்மை இல்லாமலில்லை. கலைக்கு அதனால் நஷ்டம்தான். ஒரு மனுஷியின் மானத்துக்காகக் கலை கொஞ்சம் நஷ்டப்பட்டால் குடி முழுகிப் போய்விடாது என்பது என் கட்சி.

எடுத்த படத்தோடு கடன் தீர்ந்து விடுகிறதா என்பது இன்னொரு வழக்கு. மீரா நாயர் 1988-இல் 'சலாம் பம்பாய்' எடுத்தார். அதில் தெருப் பிள்ளையாக நடித்த ஷபீக் சையதுக்குத் தேசிய விருது கிடைத்தது. பின்னால் அவர் பெங்களூரில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தார். அந்தப் படத்தை ஒட்டித் தெருக் குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளை எழுந்து, எத்தனையோ பிள்ளைகளுக்கு நிழல் தந்திருக்கிறது. இரண்டும் உண்மை. 2009 பிப்ரவரியில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' எட்டு ஆஸ்கார் வாங்கிற்று. அதே மே மாதத்தில் அதில் நடித்த இரண்டு குழந்தைகளின் குடிசைகளை பம்பாயில் இடித்துத் தள்ளினார்கள். அவர்களுடைய படிப்புக்கும் வீட்டுக்கும் தயாரிப்பாளர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யாரும் அரக்கரல்ல. ஆனால் அந்தக் குழந்தைகளின் முகம் உலகத்துக்கெல்லாம் சொந்தமாகியிருந்த வாரங்களில், குந்தியிருக்க ஒரு திண்ணை அவர்களுக்குச் சொந்தமாக இல்லை.

இதற்கெல்லாம் பல்கலைக்கழகம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். தர்மத்தைப் பாடத் திட்டத்தில் சேர்த்து மார்க் போட்டால் அதுவும் இன்னொரு மனப்பாடமாகிவிடும்; அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் வேறொரு யோசனை வைத்திருக்கிறேன். முதல் பருவத்தில், எந்த மாணவனும் காமிராவைத் தொடுமுன், அவனைச் சக மாணவர்கள் படம் பிடிக்கட்டும். கல்லூரியில் அல்ல, அவன் வீட்டில். அம்மா கடன்காரனுக்குப் பதில் சொல்கிற நேரத்தில், அப்பா குடித்துவிட்டு வருகிற நேரத்தில், தங்கைக்குப் பெண் பார்க்க வந்து வேண்டாமென்று போன மறுநாள். எதை வைப்பது எதை வெட்டுவது என்பதில் அவனுக்கு எந்தப் பேச்சும் கிடையாது. பிறகு வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் போட்டுக் காட்டட்டும். மறுநாள் காலையில் அவன் கையில் காமிராவைக் கொடுக்கலாம்.

ஒரு கல்லூரியில் பேசப் போனபோது இந்த யோசனையைச் சொன்னேன். மாணவர்கள் சிரித்தார்கள். பிறகு கொஞ்ச நேரம் யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "சார், எங்கள் வீட்டுக்கு மட்டும் வேண்டாம்" என்றாள்.